புரோட்டீன் 230 சிப்பும் 2100 பயோஅனலைசரும்: பயன்படுத்துபவரின் மதிப்பீடு

புரதங்களைத் தூய்மைப்படுத்தும் எந்த ஆய்வகத்திலும் நாள்தோறும் எழும் கேள்விகள் மூன்று: குழாயில் இருப்பது நாம் தேடும் புரதம்தானா, அதனுடன் வேறு என்ன கலந்திருக்கிறது, எந்த விகிதத்தில் கலந்திருக்கிறது. இவற்றுக்கு விடை காண, புரதங்களை மின்புலத்தில் ஓடவிட்டு அளவு வாரியாகப் பட்டைகளாகப் பிரிக்கும், 1970இல் ஆய்வாளர் லேம்லி செம்மைப்படுத்திய, பலகை வடிவ எஸ்.டி.எஸ். பாலிஅக்ரிலமைடு ஜெல்லையே உலகெங்கும் இன்றும் நம்பியிருக்கிறோம். அதே வேலையைக் கைக்குள் அடங்கும் ஒரு கண்ணாடிச் சிப்பில் மின்புலத்தைக் கொண்டு செய்து முடிப்பதுதான் ஏஜிலன்ட் நிறுவனத்தின் 2100 பயோஅனலைசரும் அதற்கான புரோட்டீன் 230 சிப்பும். இக்கருவியைத் தொடர்ந்து பயன்படுத்தி வருபவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை ஜெல்லின் சிறிய பதிப்பு என்று எண்ணி வாங்குபவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். மாதிரிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எண்களாகத் தரும் கருவி என்று புரிந்துகொண்டு வாங்குபவர்களுக்கோ, இது ஆய்வகத்தில் மிக அதிகமாக உழைக்கும் பெட்டிகளுள் ஒன்றாகிவிடும்.

இந்தக் கருவி 1999இல் காலிப்பர் டெக்னாலஜீஸ் நிறுவனத்தின் கூட்டு முயற்சியாகச் சந்தைக்கு வந்தது. நுண்வாய்க்கால்களுக்குள் மின்புலத்தால் மூலக்கூறுகளைப் பிரிக்க முடியும் என்பதை ஆய்வாளர்கள் ஹாரிசனும் மான்ஸும் அவர்களுடைய சகாக்களும் 1993இல் ‘சயின்ஸ்’ இதழில் காட்டியிருந்தார்கள். ஆனால் சிப்பில் டி.என்.ஏ.வைப் பிரிப்பதைவிடப் புரதத்தைப் பிரிப்பது கடினம். டி.என்.ஏ.வுடன் சேரும்போது மட்டும் பிரகாசமாக ஒளிரும் சாயங்கள் ஏற்கெனவே இருந்தன. புரதத்துக்கு அப்படி எளிதான வழி கிடையாது. காலிப்பர் ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட தீர்வுதான் இன்றும் இந்தச் சிப்பின் உயிர்நாடியாக இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் இதன் நிறைகுறைகளை எடைபோட முடியாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எஸ்.டி.எஸ். என்னும் சலவைப்பொருள் மூலக்கூறுகள் புரதச் சங்கிலியை விரித்து, அதன் நெடுகிலும் ஒட்டிக்கொள்கின்றன. பெரும்பாலான புரதங்களில் ஒரு கிராம் புரதத்துக்கு ஏறத்தாழ 1.4 கிராம் எஸ்.டி.எஸ். சேர்கிறது. இதனால் எல்லாப் புரதங்களும் தங்கள் எடைக்கு ஏற்ற எதிர்மின்னூட்டம் பெறுகின்றன. வெறும் நீர்க்கரைசலில் இவற்றை மின்புலத்தில் ஓடவிட்டால், மின்னூட்டத்துக்கும் இழுவிசைக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் பெரியதும் சிறியதும் ஒரே வேகத்தில் ஓடும். அளவு வாரியாகப் பிரிக்க வேண்டுமானால் வழியில் ஒரு சல்லடை தேவை. பலகை ஜெல்லில் குறுக்கிணைப்புக் கொண்ட பாலிஅக்ரிலமைடு வலை அந்த வேலையைச் செய்கிறது. சிப்பில் உள்ளதோ குறுக்கிணைப்பில்லாத நீண்ட பாலிமர்ச் சங்கிலிகளின் கரைசல். அது பாயும் தன்மையுள்ளது என்பதால் அழுத்தம் கொடுத்து வாய்க்கால்களுக்குள் நிரப்ப முடிகிறது. சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் புரதங்களின் வேகத்தை அளவுக்கேற்ப மட்டுப்படுத்தவும் அதனால் முடிகிறது.

வாய்க்காலின் குறுக்களவு சில பத்து மைக்ரோமீட்டர்தான். மின்னோட்டத்தால் எழும் வெப்பம் அந்த மெல்லிய வாய்க்காலிலிருந்து சுற்றியுள்ள கண்ணாடிக்குள் உடனே பரவிவிடும். ஆகவே பலகை ஜெல்லில் நினைத்துப் பார்க்க முடியாத அளவு வலுவான மின்புலத்தை இங்கே செலுத்தலாம். சிறிது தூரத்திலேயே பிரிதல் முடிந்துவிடுவதற்கும், ஒரு மாதிரி வாய்க்காலைக் கடக்க ஒரு நிமிடம் போல மட்டுமே ஆவதற்கும் இதுவே காரணம்.

இனி அந்த நுட்பமான இடத்துக்கு வருவோம். சாயம் ஜெல்லிலேயே கலந்திருக்கிறது. ஓடும்போதே அது புரதத்தை மூடியுள்ள எஸ்.டி.எஸ். படலத்தில் ஏறிக்கொள்கிறது. சிக்கல் என்னவென்றால், எஸ்.டி.எஸ். தானாகவே திரண்டு மைசெல்கள் என்னும் நுண்ணுருண்டைகளாகிறது, அந்த மைசெல்களிலும் சாயம் ஏறி ஒளிர்கிறது. அப்படியே விட்டால் பின்னணி ஒளியில் புரதத்தின் ஒளி மூழ்கிப்போகும். பலகை ஜெல்லில் இந்தப் பிரச்சினையைச் சாயநீக்கக் கரைசலில் நெடுநேரம் ஊறவைத்துத் தீர்க்கிறோம். சிப்பிலோ, ஒளிர்வை அளக்க லேசர் விழும் இடத்துக்குச் சற்று முன்பாகப் பக்க வாய்க்கால்கள் வந்து சேர்கின்றன. அவற்றின் வழியே எஸ்.டி.எஸ். இல்லாத அயனிகள் புகுந்து, எஸ்.டி.எஸ். செறிவை மைசெல் உருவாவதற்குத் தேவையான அளவுக்குக் கீழே இறக்குகின்றன. மைசெல்கள் கலைகின்றன, பின்னணி மங்குகிறது. புரதத்தோடு ஒட்டிய சாயம் மட்டும் ஒளிர்ந்தபடி சிவப்பு லேசரின் முன்னால் கடந்து செல்கிறது. சாயமேற்றுதலும் சாயநீக்கமும் ஓட்டத்தின் நடுவிலேயே, கண்ணிமைக்கும் நேரத்தில், யாருடைய கையும் படாமல் நடந்து முடிகின்றன. எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் இந்த வடிவமைப்பின் மீது எனக்குள்ள மதிப்பு குறையவில்லை.

பயன்பாட்டு முறை எளிது, ஆனால் அலட்சியத்தை அது மன்னிக்காது. 4 மைக்ரோலிட்டர் மாதிரியுடன் 2 மைக்ரோலிட்டர் சிதைப்புக் கரைசல் சேர்த்து, 95 முதல் 100 டிகிரி செல்சியஸில் சில நிமிடம் சூடாக்கி, ஆறவைத்து, 84 மைக்ரோலிட்டர் தூய நீர் விட்டு, அதிலிருந்து 6 மைக்ரோலிட்டரைக் குழிக்குள் இட வேண்டும். அதற்கு முன்பாக, அறை வெப்பநிலைக்கு வந்த ஜெல்–சாயக் கலவையைக் குறிப்பிட்ட குழியில் இட்டு, உடன் வரும் அழுத்த நிலையத்தில் சிரிஞ்சின் உந்துதண்டை அழுத்தி 60 நொடி பிடித்து வாய்க்கால்களை நிரப்ப வேண்டும். சிப்பில் மொத்தம் 16 குழிகள். அவற்றில் பத்து மாதிரிகளுக்கு, ஒன்று அளவுகாட்டும் லேடருக்கு, மற்றவை ஜெல்லுக்கும் சாயநீக்கக் கரைசலுக்கும். மூடியை மூடினால் 16 மின்முனை ஊசிகள் குழிகளுக்குள் இறங்கும். அரை மணி நேரத்துக்குள் பத்து மாதிரிகளின் முடிவும் ஒளிர்வு வரைகோடுகளாகத் திரையில் இருக்கும்; ஒவ்வொரு புரதமும் அதில் ஒரு முகடு.

புதிதாகப் பழகுபவர்களுக்கு நான் முதலில் காட்டித்தருவது பிப்பெட்டின் நுனியைக் குழியின் அடிவரை கொண்டுசென்று, பக்கச் சுவரில் படாமல், மெதுவாகத் திரவத்தை விடும் முறையைத்தான். குழியின் அடியில் ஒரு காற்றுக்குமிழி தங்கிவிட்டால் வாய்க்காலின் வாயை அது அடைத்துவிடும். மின்சுற்று துண்டிக்கப்பட்டு அந்த மாதிரியின் முடிவு கிடைக்காமல் போகும். மேலே மிதக்கும் குமிழியால் பெரிய கேடில்லை. அடியில் சிக்கியதுதான் ஆபத்து. வெளிச்சத்துக்கு எதிரே சிப்பைத் தூக்கி, கீழ்ப்புறமிருந்து பார்த்தால் அடியில் இருக்கும் குமிழி கருவளையம்போலத் தெரியும். சிப்பைப் பொருத்துவதற்கு முன் இப்படிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் வீணாகும் ஓட்டங்கள் வெகுவாகக் குறையும். ஓட்டம் முடிந்ததும் தூய நீர் நிரப்பிய துப்புரவுச் சிப்பை வைத்து மின்முனைகளைக் கழுவிவிட வேண்டும். காய்ந்த ஜெல்லும் உப்பும் ஊசிகளுக்கிடையே படிந்தால் மின்கசிவு ஏற்படும். கருவி நிற்கும் மேசையில் மையவிலக்குக் கருவியையோ அதிர்வுக் கலக்கியையோ வைக்காதீர்கள். லேசர் குவிந்திருப்பது அவ்வளவு மெல்லிய ஒரு வாய்க்காலின் மீது.

இதன் அளவு வரம்பு 14 முதல் 230 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு). கீழ் எல்லை அங்கே நிற்பதற்கான காரணம் மேலே சொன்ன மைசெல்கள்தான். சாயநீக்கத்துக்குப் பிறகும் மீதமிருப்பவை சிறு புரதங்கள் வந்து சேரும் அதே நேரத்தில் வந்து, ஒவ்வொரு மாதிரியிலும் அளவு தெரிந்த குறியாகக் கலக்கப்படும் இரண்டு மார்க்கர்களுள் சிறியதான கீழ் மார்க்கரின் அருகே ‘சிஸ்டம் முகடு’ எனப்படும் கூட்டத்தைத் தோற்றுவிக்கின்றன. சிறிய புரதங்களுக்கென்றே 5 முதல் 80 கிலோடால்டன் வரம்புள்ள புரோட்டீன் 80 சிப் இருக்கிறது. லைசோசைம் போன்ற 14 கிலோடால்டன் புரதத்தை 230 சிப்பில் அளந்துவிட்டு முடிவை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், 80 சிப்பை எடுங்கள் என்பதே. எல்லையின் விளிம்பில் நின்று அளக்கும் எந்த எண்ணும் நடுவில் அளக்கும் எண்ணின் தரத்தைப் பெறாது.

அளவைக் கணிப்பதில் தயாரிப்பாளர் உறுதியளிக்கும் துல்லியம் 10 விழுக்காடு. மறுநிகழ்வுத் திறனுக்கு அவர்கள் தரும் மாறுபாட்டுக் கெழு (மீண்டும் அளக்கும்போது எண்கள் சிதறும் அளவு) 3 விழுக்காடு. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிப்பவர்களுக்குக் கருவியின் குணம் புரிந்துவிடும். உண்மையான எடையை அது சற்றுத் தள்ளிச் சொல்லக்கூடும். ஆனால் அடுத்த முறையும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் சொல்லும். சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டிய புரதங்களில் இந்த விலகல் கண்கூடு. சர்க்கரைப் பகுதியில் எஸ்.டி.எஸ். ஒட்டாது, ஆகவே எடைக்கேற்ற மின்னூட்டம் இல்லாமல் அவை மெதுவாக ஓடி, உண்மையைவிடப் பெரியவையாகத் தோன்றும். எதிர்ப்புரதத்தின் (antibody) கனச்சங்கிலி 50 கிலோடால்டன் அளவிலானது, அதில் சர்க்கரை உண்டு. சிப்பில் அது அந்த எண்ணைத் தாண்டியே பதிவாகும். 25 கிலோடால்டன் அளவிலான இலேசான சங்கிலியில் பொதுவாகச் சர்க்கரை இல்லாததால் இந்த வகை விலகல் அதில் எழுவதில்லை. பலகை ஜெல்லிலும் இதே விளைவு உண்டு என்றாலும், எண் அச்சிடப்பட்டு வரும்போது மனிதர்கள் அதைக் கூடுதலாக நம்பிவிடுகிறார்கள். சிப் தந்த எடையைப் புரதத்தின் அடையாளச் சான்றாக அறிக்கையில் எழுதக்கூடாது. அடையாளத்துக்கு நிறைநிறமாலையோ (mass spectrometry) எதிர்ப்புரதச் சோதனையோ வேண்டும்.

எதிர்ப்புரத வேலைகளில்தான் இந்தச் சிப்பின் மதிப்பு எனக்கு முழுமையாகத் தெரிந்தது. ஒரே மாதிரியை, சங்கிலிகளை இணைக்கும் டைசல்பைடு பிணைப்பை உடைக்கும் பொருளுடன் ஒரு குழியிலும், அது இல்லாமல் மற்றொரு குழியிலும் இடுகிறோம். முதலாவதில் இலேசான சங்கிலியும் கனச்சங்கிலியும் இரண்டு முகடுகளாக எழுகின்றன. இரண்டாவதில் 150 கிலோடால்டன் பகுதியில் ஒரே பெரிய முகடும், அதற்கு முன்னால் பாதி உடைந்த வடிவங்களின் சிறு முகடுகளும் எழுகின்றன. பலகை ஜெல்லில் அந்தச் சிறு பட்டைகளை “மங்கலாகத் தெரிகிறது” என்றுதான் குறிப்பேட்டில் எழுத முடியும். இங்கே ஒவ்வொன்றின் பரப்பும் மொத்தத்தில் எத்தனை விழுக்காடு என்று வந்துவிடுகிறது. வெப்பத்தில் வைத்த மாதிரியையும் குளிரில் வைத்த மாதிரியையும் அடுத்தடுத்த குழிகளில் ஓட்டினால் எது எவ்வளவு சிதைந்தது என்பதில் வாதத்துக்கு இடமிருக்காது. ஒரு எச்சரிக்கை: பிணைப்பை உடைக்காமல் சூடாக்கும்போது சூட்டினாலேயே சில மூலக்கூறுகள் துண்டாகும். விடுபட்டு நிற்கும் தயோல் (கந்தக–ஹைட்ரஜன்) தொகுதிகளை முன்பே அடைத்துவிடும் ஒரு வினைப்பொருளைச் சேர்த்துச் சூட்டையும் குறைத்தால் மட்டுமே, திரையில் காணும் துண்டுகள் மாதிரியில் உண்மையில் இருந்தவை என்று சொல்ல முடியும்.

செறிவை அளப்பதில் என் பாராட்டு பாதியோடு நிற்கிறது. சாயம் எவ்வளவு ஏறும் என்பது புரதத்துக்குப் புரதம் மாறுபடும். ஒவ்வொரு மாதிரியிலும் தெரிந்த அளவில் கலந்திருக்கும் மேல் மார்க்கருடன் ஒப்பிட்டே மென்பொருள் செறிவைக் கணிக்கிறது. ஆகவே வரும் எண் ஒப்பீட்டு எண் மட்டுமே. நம்மிடம் அதே புரதத்தின் தூய மாதிரி இருந்து, அதைப் பல செறிவுகளில் ஓட்டி அளவுக்கோடு வரைந்துகொண்டால் நிலைமை மேம்படும். மென்பொருளும் அதற்கு இடம் தருகிறது. அப்படிச் செய்யாமல் இரண்டு வெவ்வேறு புரதங்களின் செறிவை ஒப்பிடுவது சரியாகாது.

உப்பைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். மாதிரியை வாய்க்காலுக்குள் இழுப்பதும் மின்புலமே. வாய்க்கால்கள் சந்திக்கும் இடத்தில் முதலில் மாதிரி குறுக்கே ஓடிக் கழிவுக்குழிக்குப் போகிறது. பிறகு மின்னழுத்தம் திசைமாறி, சந்திப்பில் நிற்கும் துளியினும் துளியான பகுதி மட்டும் பிரிப்பு வாய்க்காலுக்குள் தள்ளப்படுகிறது. மாதிரியில் சோடியம் குளோரைடு மிகுந்திருந்தால் மின்னோட்டத்தின் பெரும்பங்கைச் சிறு அயனிகளே சுமந்துவிடும். அதே நேரத்தில் உள்ளே போகும் புரதம் குறையும், முகடுகள் தாழும். நிக்கலைப் பற்றிக்கொள்ளும் ஹிஸ்டிடின் வால் கொண்ட புரதங்களை நிக்கல் நிரலில் (column) தூய்மைப்படுத்துபவர்களின் மாதிரிகளில் 500 மில்லிமோலார் உப்பும் அதோடு புரதத்தை நிரலிலிருந்து விடுவிக்கும் இமிடசோலும் இருப்பது வழக்கம். நீர் சேர்க்கும் படியில் மாதிரி 22 மடங்குக்கு மேல் நீர்த்துப்போவதால் அந்த உப்பு ஏறத்தாழ 22 மில்லிமோலாருக்கு இறங்கிவிடுகிறது. மேல் மார்க்கரும் புரதத்தோடு சேர்ந்தே தாழ்வதால் விகிதமும் ஓரளவு காப்பாற்றப்படுகிறது. ஆயினும், நிரலிலிருந்து அடுத்தடுத்து வெளிவந்த பகுதிகளை ஒப்பிடும்போது மேல் மார்க்கரின் உயரத்தைக் குழிக்குக் குழி பாருங்கள். அது படிப்படியாக மாறிக்கொண்டே போனால், நீங்கள் ஒப்பிடுவது புரதத்தை மட்டுமல்ல, உப்பையும்தான்.

பொட்டாசியம் அதைவிட மோசம். பொட்டாசியமும் எஸ்.டி.எஸ்.ஸில் உள்ள டோடெசில் சல்பேட்டும் சேர்ந்தால் கரையாத வெண்படிவு உண்டாகும். பொட்டாசியம் பாஸ்பேட் தாங்கலில் (buffer) இருக்கும் மாதிரியைச் சூடாக்கும்போது தெளிவாகவே தெரியும், ஆறியதும் கலங்கும். கலங்கிய மாதிரியைச் சிப்பில் இடாதீர்கள்; முன்பே சோடியம் தாங்கலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ட்ரைட்டான் போன்ற மின்னூட்டமற்ற சலவைப்பொருள்களும் எஸ்.டி.எஸ்.ஸுடன் கலப்பு மைசெல்களை உருவாக்கிச் சாயநீக்கத்தைக் குலைக்கும். செல் சவ்வுப் புரதங்களோடு வேலை செய்பவர்கள் மாதிரி இல்லாத வெறும் தாங்கலை ஒரு குழியில் ஓட்டி, அதில் எழும் முகடுகளைக் குறித்துவைத்துக்கொள்வது அவசியம்.

உணர்திறனில் இது வழக்கமான நீலச் சாயமான கூமாசி ஏற்றிய ஜெல்லுக்கு இணை. அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். மிகக் குறைந்த அளவிலான மாசுகளைத் தேடுபவர்களுக்காக, சாயத்தைப் புரதத்தோடு நிலையான வேதிப்பிணைப்பால் இணைக்கும் ஹை சென்சிட்டிவிட்டி புரோட்டீன் 250 என்னும் வேறொரு சிப் உண்டு. அது வெள்ளிச் சாயமேற்றத்தோடு போட்டியிடக்கூடியது. அதில் வேலையும் கூடுதல், மாதிரியின் காரத்தன்மையில் கவனமும் கூடுதலாக வேண்டும்.

சிப்பால் செய்யவே முடியாதவற்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பிரித்த புரதம் திரும்பக் கிடைக்காது. பட்டையை வெட்டி நிறைநிறமாலைக்கு அனுப்ப வழியில்லை. சவ்வுக்கு மாற்றி, எதிர்ப்புரதத்தால் அடையாளம் காணும் வெஸ்டர்ன் பிளாட் செய்யவும் வழியில்லை. பிரிதிறனிலும் நன்றாக வார்த்த சாய்வுச்செறிவு ஜெல் இதை வென்றுவிடும். எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தால்தான் சிப் இரண்டு முகடுகளைப் பிரித்துக் காட்டுமென்று எதிர்பார்க்கலாம். பாஸ்பேட் ஒன்று ஏறியதையோ சில அமினோ அமிலங்கள் குறைந்ததையோ இதில் தேடிப் பயனில்லை. சிப்பை ஒருமுறைதான் பயன்படுத்த முடியும் என்பதும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. மூன்றே மாதிரிகள் இருந்தாலும் மீதிக் குழிகளையும் ஏதேனும் கொண்டு நிரப்பியாக வேண்டும். நுட்பமாகச் செதுக்கிய அந்தக் கண்ணாடி அரை மணி நேரத்தில் கழிவாகிவிடும். அக்ரிலமைடு நச்சைக் கையாள வேண்டியதில்லை, லிட்டர் கணக்கில் மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் கொட்ட வேண்டியதில்லை என்பது ஆறுதல்தான். எனினும், பத்து மாதிரிகள் சேரும்வரை காத்திருந்து ஓட்டும் ஒழுங்கு ஒவ்வோர் ஆய்வகத்துக்கும் தேவை.

கடைசியாக மென்பொருள். அது முடிவை இரண்டு வடிவில் காட்டும்: நேரத்துக்கு எதிராக ஒளிர்வை வரையும் எலக்ட்ரோபெரோகிராம், அதிலிருந்து கணினி வரைந்து தரும் ஜெல் போன்ற படம். இரண்டாவதைத்தான் கூட்டங்களில் எல்லோரும் காட்டுகிறார்கள். அதை மட்டும் காட்டுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அந்தப் படத்தில் கருமையின் அளவுகோலை மாற்றினால் சிறு பட்டைகள் மறைந்துவிடும், அல்லது இல்லாத பட்டை இருப்பதுபோல இரைச்சல் கருத்துத் தெரியும். உண்மையான தரவு வரைகோடு மட்டுமே. ஒரு முகட்டின் தோளில் இன்னொன்று ஒளிந்திருப்பதும், அடிக்கோடு சாய்ந்திருப்பதும், மேல் மார்க்கரை மென்பொருள் தவறான முகட்டில் குறித்திருப்பதும் அதில்தான் தெரியும். 240 கிலோடால்டனில் நிற்கும் அந்த மார்க்கரின் அருகே நம் மாதிரியின் ஒட்டுத்திரள் ஏதேனும் வந்து விழுந்தால் அளவுக் கணிப்பும் செறிவுக் கணிப்பும் ஒருசேரப் பிழையாகும். குறியைக் கையால் நகர்த்திச் சரிசெய்ய மென்பொருள் இடம் தருகிறது. அப்படி நகர்த்தினால், எந்தக் குழியில், எந்த முகட்டை, என்ன காரணத்துக்காக நகர்த்தினோம் என்பதை மூலக்கோப்போடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள். தூய்மை 97 விழுக்காடு என்று அறிக்கையில் எழுதும்போது, அடிக்கோட்டை எங்கே வரைந்து, எந்தச் சிறு முகடுகளைக் கணக்கில் சேர்த்து அந்த எண் வந்தது என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். அந்தத் தெரிவை மாற்றினால் எண்ணும் மாறும்.